நீ கல்நெஞ்சக்காரி இல்லை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். அப்பா போன அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, எல்லோருக்கும் தகவல் சொல்வதிலும் வந்தவர்களைக் கவனிப்பதிலுமே பொழுது போனது, "பெத்த பொண்ணு கண்கூடக் கலங்கலையே" என்று யாரோ பேசியது காதில் விழுந்தது என்று எழுதியிருந்தாய். நான் கல்நெஞ்சக்காரியா என்று வேறு கேட்டிருக்கிறாய். இல்லவே இல்லை. சின்ன வயதிலிருந்து உன் வீட்டைப் பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

உன் பாட்டி இறந்தபோது உன்னையும் தம்பியையும் எங்கள் வீட்டில்தான் விட்டிருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் திரும்பிப் போனபோது பாட்டி படுத்திருந்த கட்டில்கூட அங்கே இல்லை. அப்புறம் பாட்டி பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்ற அக்கறைதான் அது. ஆனால் துக்கம் வந்தால் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்க வேண்டும் என்று நீ அங்கேதான் கற்றுக்கொண்டாய். அப்பா போன அன்று செய்ததும் அதுதான்.

எங்கள் வீடு நேர் எதிர். பெரியவர்கள் ஒவ்வொருவராக எங்கள் கண்முன்னே போனார்கள். பிள்ளைகளை யாரும் வெளியே அனுப்பவில்லை. வாய்விட்டு அழுவோம், அழுகைக்கு நடுவே இறந்தவரின் பிடிவாதங்களைச் சொல்லிச் சிரிப்போம். அதற்காக எங்கள் வீடுதான் உசத்தி என்று சொல்ல மாட்டேன். தாத்தா இறந்தபோது அழாமல் மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணனை எத்தனை பேர் பிடித்து உலுக்கினார்கள்! தாத்தா மேல் அவன் உயிரையே வைத்திருந்தான். சிலருக்குத் துக்கம் அழுகையாக வரும், சிலருக்கு வேலையாகவும் யோசனையாகவும் வரும் என்று துக்கத்தைப் பற்றி ஆராய்ந்த கென்னத் டோக்காவும் டெரி மார்ட்டினும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அண்ணனும் நீயும் இரண்டாவது வகை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1976இல் குடும்பங்களையும் மரணத்தையும் பற்றி எழுதினார். குடும்பத்துக்கு முக்கியமான ஒருவர் இறந்தால், மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்துக்கூட மற்றவர்களுக்கு நோயோ வேறு தொல்லையோ வருவதை அவர் கவனித்திருக்கிறார். இறப்புக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று வீட்டாருக்கே தோன்றுவதில்லையாம். தம்பிக்கு இப்போது எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது என்று எழுதியிருந்தாயே, எனக்கு உடனே இதுதான் நினைவுக்கு வந்தது. அவனிடம் அப்பாவைப் பற்றி நீயே பேச்செடு.

அத்தை தவறியபோது எங்கள் வீட்டிலும் ஒரு வாக்குவாதம். மகளை அழைத்துப் போக வேண்டாம், பாட்டி தூங்குகிறாள் என்று சொல்லிவிடலாம் என்றார் இவர். அவர் வளர்ந்த விதம் அப்படி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது புரிந்துவிடுகிறது. தூக்கம் என்று சொன்னால் தூங்கவே பயப்படுகிற குழந்தைகளும் உண்டு. அங்கே என்னவெல்லாம் பார்ப்பாள், யார் யார் அழுவார்கள் என்று முன்கூட்டியே சொன்னேன். போகப் பிடிக்காவிட்டால் வர வேண்டாம் என்றும், பாதியில் கிளம்ப நினைத்தால் கூட்டிவர என் தங்கை இருப்பாள் என்றும் சொன்னேன். வந்தாள். "பாட்டிக்குக் குளிருமா?" என்று கேட்டாள். இல்லை கண்ணு, பாட்டி உடம்புக்கு இனி எதுவும் தெரியாது என்றேன். சரி என்று கேட்டுக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்து அத்தையின் மூக்குக்கண்ணாடியை அவள் எடுத்து வந்து கேள்வி கேட்டபோதுதான் இவர் முதல்முறையாக உடைந்து அழுதார். அதன்பிறகு இருவரும் பாட்டியைப் பற்றி அடிக்கடி பேசுகிறார்கள்.

அழுகை வரும்போது வரட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த மாதம் உன்னைப் பார்க்க வருகிறேன். அப்பா உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். தம்பியையும் வரச் சொல்.

அன்புடன்,
உன் தோழி