மூலை வெட்டு

குமுழமுனை, முல்லைத்தீவு
மாசி மாதம்

அன்பு மகளுக்கு,

கனடாவின் கேப் பிரெற்றன் தீவிலிருந்து நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தோம். கொம்மா திரும்பவும் போடச் சொன்னா. நீள மேசையைச் சுற்றி இருந்து, நனைந்த கம்பளித் துணியை எல்லோருமாகப் பிடித்து அடித்து அடித்துப் பாடுகிறார்கள். 200 வருசத்துக்கு முன்பு ஸ்கொட்லாந்திலிருந்து வந்து குடியேறிய சனத்தின் கேலிக் மொழிப் பாட்டு என்று எழுதியிருந்தாய். துணியை இறுக்குகிற வேலை எப்போதோ மில்லுக்குப் போய்விட்டதாம். இருந்தும் பாட்டுக்காகத் துணியை நனைக்கிறார்களாம். கெட்டிக்காரச் சனம்!

அதே பாட்டுகளைக் கிற்றாரோடு பாடுகிற இளம் பொடியளையும் கேட்டேன். நல்லாத்தான் பாடுகிறார்கள். எனக்கென்னவோ அந்த மேசைதான் பிடித்தது.

எங்கட பக்கத்தில் இப்படி ஒன்றும் இல்லையா என்று கேட்டாய். ஏன் இல்லை? வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல். அதற்கு முதல் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பது உனக்குத் தெரியும். கண்ணகிக்கு நேர்த்தி வைக்க ஆள் இருக்கும்வரை கோவலன் கூத்துக்கும் அதைப் பாடுகிற முல்லைமோடி மெட்டுக்கும் பயமில்லை. யானையைப் பிடித்துக் கட்டிய அரியாத்தையின் பேரில் ஒப்பாரியே இருக்கிறது. அவளும் இந்த ஊர்க்காரிதான்.

நெல் அறுக்கும்போது பாடுகிற அருவி வெட்டுப் பாட்டுத்தான் பாவம். வெட்டு மெசின் காலையில் இறங்கினால் மத்தியானத்துக்குள் வயல் வெறுமையாகிவிடுகிறது. அந்தச் சத்தத்துக்குள் யார் பாடுவது? மெசினைக் குறை சொல்லவும் முடியாது. மழைக்கு முதல் நெல் வீட்டுக்கு வரவேண்டுமே.

ஆனால் மெசினால் வரம்பு மூலைக்குள் திரும்ப முடியாது, பிள்ளை. அங்கே அரிவாள்தான். போன கிழமை எங்கள் வயல் மூலையை வெட்ட வந்தவர்களில் ஒரு வயதான ஆச்சி பாடத் தொடங்கினா. பிடி சேர்த்து அறுத்து இழுக்கிற இடத்தில் அவவின் பாட்டடி முடிகிறது. பிடியைக் கீழே வைக்கிற நேரம் மற்றப் பெண்கள் பாட்டை எடுக்கிறார்கள். மூச்சு விடுகிற இடமும் அதுதான்.

உனக்கு அனுப்பலாமென்று ஃபோனை நீட்டினேன். ஆச்சி நிமிர்ந்து, சேலையைச் சரி செய்து, மேடையில் நிற்பது மாதிரி நின்று பாடினா. இரண்டாம் அடி வரவில்லை. யோசித்துப் பார்த்தா, சிரித்தா, குனிந்து கதிரைப் பிடித்தா. அடி வந்துவிட்டது! ரெக்கோட்டில் பாதிக்கு மேல் சரசரப்புத்தான் கேட்கிறது. இருந்தாலும் அனுப்பியிருக்கிறேன், கேள்.

நீ வழக்கம்போல ஓகஸ்ட்டில் வந்தால் கோயிலும் கலியாண வீடும்தான் மிஞ்சும். வருகிற மாசியில் வா. தண்ணிமுறிப்புக் குளத்துத் தண்ணீர் பாய்கிற கீழ் வயலில் ஒரு துண்டை மெசினுக்குக் கொடுக்காமல் கை வெட்டுக்கு விடுகிறேன். வீண் செலவு என்று கொம்மா முணுமுணுக்கிறா. கூலியை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நீயும் அரிவாள் பிடிக்கவேணும். வரம்பில் சும்மா நின்று படம் எடுக்க ஆச்சி விடமாட்டா.

ரிக்கெற் போட முதல் ஒருக்கால் சொல்லு. மெசின்காரனிடம் முன்கூட்டியே பேசி வைக்கவேணும்.

அன்புடன்,
அப்பா