கிணற்று மோட்டரும் குடிநீர்க் குழாயும் ஒரே இணைப்பில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழியே மட்டக்களப்பு வீடுகளுக்கு வரத் தொடங்கிய பின்னரும் நம்மில் பலர் வளவுக் கிணற்றைக் கைவிடவில்லை, கைவிடவும் வேண்டியதில்லை. ஆனால் கிணற்று மோட்டரின் குழாயையும் நீர்வழங்கல் சபையின் குழாயையும் ஒன்றாகப் பொருத்தி, நடுவில் ஒரு வால்வை மட்டும் வைக்கும் வழக்கம் மிகவும் ஆபத்தானது.

அந்த வால்வு தேய்ந்திருந்தாலோ, யாரேனும் அதைப் பூட்ட மறந்தாலோ, மோட்டரின் அழுத்தம் தெருக்குழாயின் அழுத்தத்தை விஞ்சும் வேளையில் கிணற்று நீர் பொதுக் குழாய்க்குள் ஏறிவிடக்கூடும். நமது மணற்பாங்கான நிலத்தில், மாரி மழையோடு நிலத்தடி நீர் உயர்ந்து மலசலகூடக் குழிகளைத் தொடும் காலத்தில், அது எத்தகைய நீராக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டின் தவறு அயல்வீட்டுக் குழந்தையின் குவளைக்குள் போய்ச் சேர்கிறது. குழாயில் மிஞ்சியிருக்கும் சிறிதளவு குளோரின் இவ்வளவு அழுக்கை முறிக்கப் போதாது.

பின்லாந்தின் நொக்கியா நகரில் 2007 நவம்பரில் நடந்தது இதுவே. அங்குள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் பிரித்து நின்ற ஒரு வால்வு திறக்கப்பட்டதால், ஆயிரக்கணக்கானோர் வயிற்றோட்டத்தால் பாதிக்கப்பட்டனர்.

எதிர்ப்புறமாகவும் இது நிகழும். தெருக்குழாய் உடைந்து அழுத்தம் இறங்கும்போது, களைநாசினித் தாங்கிக்குள் அமிழ்ந்து கிடக்கும் ஹோஸ் அந்த மருந்தை உள்ளிழுத்துவிடும். அம்பாறையின் வயலோரக் கிராமங்கள் இதில் விசேட கவனம் செலுத்த வேண்டும். தண்ணீர் மெதுவாக வருகிறதென்று சபைக் குழாயிலேயே மோட்டரைப் பூட்டி இழுப்பதும், கசியும் மூட்டுகளின் ஊடாக வடிகான் நீரைக் குழாய்க்குள் வரவழைக்கும் செயலாகும்.

பரிகாரம் பெருஞ்செலவானதன்று. சபைக் குழாயைக் கிணற்றுக் குழாயோடு எங்கும் இணைக்காமல் தனித் தாங்கிக்குக் கொண்டுசென்று, தாங்கி நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே, குழாய் விட்டத்தின் இரு மடங்குக்கேனும் குறையாத வெற்றிடம் விட்டு நீரை விழச்செய்தால் போதும். காற்றைத் தாண்டி நீர் பின்னோக்கி ஏறாது. எந்த வால்வும் இதற்கு ஈடாகாது.

புதிய இணைப்பு வழங்கும்போது சபை உத்தியோகத்தர்கள் வீட்டின் உட்குழாய்களையும் பார்வையிட வேண்டும். மாநகர சபையும் பிரதேச சபைகளும் கட்டட வரைபடத்தை அனுமதிக்குமுன், இவ்விரு குழாய்களும் தனித்தனியாகக் காட்டப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே இணைத்துள்ள வீட்டார் வரும் மாரிக்கு முன்னரே அந்த இணைப்பை வெட்டி அகற்றிவிடுமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீர்ப் பாவனையாளர் ஒருவர்,
மட்டக்களப்பு.