ஏணைக்கு ஒரு சேலை

மல்லாவி
பங்குனி 9

அன்புள்ள வதனி,

உன் கடிதம் போன கிழமை வந்தது. மகளுக்குப் பெண்குழந்தை என்று வாசித்ததும் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். நீ அம்மம்மா! வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பிள்ளையையும் கொண்டு எல்லாரும் வருகிறீர்கள் என்பது அதைவிடச் சந்தோஷம்.

"பெட்டியில் என்ன கொண்டுவர? சோப், சாம்பு, கிறீம், பவுடர், சென்ற் எது வேணும், எழுது" என்று கேட்டிருக்கிறாய். பதில் எழுதத்தான் இருக்கிறேன். அதற்கு முதல் என் பெறாமகளுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அக்காவின் மகளுக்கு ஆவணியில் கலியாணம் முற்றாகியிருக்கிறது. மாநிறம், நல்ல களையான முகம். மாப்பிள்ளை பகுதியில் ஒரு மனுசி "பிள்ளை கொஞ்சம் கறுப்பு" என்றது அவள் காதில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான். எங்கேயோ ஒரு கடையில் வெள்ளையாக்கும் கிறீம் வாங்கிப் பூசத் தொடங்கினாள். மூன்று கிழமையில் முகம் வெளுத்தது உண்மை. எல்லாரும் புகழ்ந்தார்கள். நானும் புகழ்ந்தேன், வதனி. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு சுடுகிறது.

தை மாதம் ஒருநாள் விடிய எழும்பியவளுக்குக் கண்மடல் ஊதியிருந்தது, இரண்டு காலும் வீங்கியிருந்தன. சலம் நுரைநுரையாகப் போகிறது என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள். இங்கே கிட்னி என்ற சொல் வந்தாலே எல்லாருக்கும் கிணறுதான் ஞாபகம் வரும். வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் எத்தனை கமக்காரக் குடும்பங்களை முடக்கியது என்று உனக்கே தெரியும். அத்தான் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்துக்கொண்டு பரிசோதனைக்கு ஓடினார். அக்கா குடிதண்ணீரை விலைக்கு வாங்கத் தொடங்கினார். முகத்தில் பூசுவதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர்தான் சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, முகத்துக்கு என்ன பூசுறீங்கள்?" என்று கேட்டார்.

அந்தச் சிமிழை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். செய்தவர் பெயர் இல்லை, நாடு இல்லை, உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்ற விபரம் இல்லை. மூடியின் ஓரத்தில் காய்ந்திருந்த கிறீம் சாம்பல் நிறமாக இருந்தது. மட்டையில் ஒரே ஒரு எச்சரிக்கை: தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும். டொக்டர் விரலை வைத்துக் காட்டியது அந்த வரியைத்தான், இதற்குள் பாதரசம் இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது என்றார். பாதரசம் பட்டால் பொன் வெளுக்கும் என்பது நகை செய்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சங்கிலிக்குக் கூடாதது கழுத்துக்கு மட்டும் எப்படி நல்லதாகும்?

தோலில் கருமை உண்டாகும் வேலையைப் பாதரசம் தடுத்துவிடுகிறது, அதுதான் அந்த வெளுப்பு. பூசுவதை விட்டால் நிறம் திரும்பி வரும், சிலருக்கு முன்னையதைவிடக் கறுப்பாக. அதற்குள் பாதரசம் தோலால் இறங்கி இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்ச் சேர்ந்துவிடும். இரத்தத்தில் நிற்கவேண்டிய புரதம் அங்கே ஒழுகத் தொடங்கும். நுரையும் வீக்கமும் அதனால் வருவதுதான். பூசியவளோடும் நிற்பதில்லை. துவாயிலும் தலையணை உறையிலும் ஒட்டி, ஆவியாகி, அதே அறையில் படுக்கிறவர்களுக்கும் போகும். வயிற்றில் பிள்ளை இருந்தால் அதற்கும் போகும். கலியாணம் பேசியிருக்கிற பெண்பிள்ளைகள்தான் இதைத் தேடி வாங்குகிறார்கள் என்பதை நினைத்துப் பார்.

ஜப்பானில் மினமாட்டா என்ற இடத்தில் தொழிற்சாலைக் கழிவோடு கடலுக்குள் போன பாதரசம் மீனில் ஏறி, சனத்தை நடுக்கத்திலும் முடக்கத்திலும் தள்ளிய கதை 1956 இல் வெளியே வந்தது. அந்த ஊரின் பெயராலேயே 2013 இல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப்பொருட்களை 2020 க்குள் நிறுத்துவது என்று அப்போது எழுதினார்கள். பிறகு 2023 இல், அந்த ஒரு மில்லிகிராம் கணக்கும் வேண்டாம், பாதரசம் சேர்த்த எதுவும் 2025 க்குப் பிறகு கூடாது என்று முடிவெடுத்தார்கள். அப்படி இருந்தும் அந்தச் சிமிழ் எங்கள் வீடு வரைக்கும் வந்துவிட்டது.

பிள்ளை இப்போது தேறிவிட்டாள். வீக்கம் வற்றிவிட்டது, மாதாமாதம் கிளினிக் போகிறாள். அத்தான் அந்தச் சிமிழைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தப் பார்த்தார், நான் ஓடிப்போய்த் தடுத்தேன். எரித்தால் பாதரசம் புகையாகும், புதைத்தால் கிணற்றுப் பக்கம் போகும். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. ஐயாவிடம் கொடுத்துவிட்டோம்.

இப்போது அக்காவுக்கு எல்லாவற்றிலும் பயம். சவர்க்காரத்தைக்கூடச் சந்தேகமாகப் பார்க்கிறார். அதுவும் சரியில்லை என்று நான் சண்டை பிடிக்கிறேன். சவர்க்காரம் போட்டால் அந்த நிமிடமே கழுவிவிடுகிறோம். கிறீம் பகல் முழுக்கத் தோலில் ஊறும். நுளம்புத் திரியின் புகை இரவு முழுக்க நெஞ்சுக்குள் போகும். அதனால் ஊறுவதையும் மூச்சில் போவதையும் முதலில் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம்.

மூச்சில் போவது என்றால் என்ன என்று எனக்கு நல்லாகத் தெரியும். மாரிக்குப் பிறகு கிணற்றுக்குப் போட்டு மிஞ்சிய குளோரின் தூளை வீணாக்காமல் கக்கூசில் தூவினேன். கறை போகவில்லை என்று, மேலே கழுவுகிற அசிட்டையும் ஊற்றினேன். சட்டென்று கண் எரிந்து, தொண்டையைப் பிடித்த மாதிரி இருமல். வெளியே ஓடிவந்து காற்றுப் பக்கம் நின்றபோது உன் அப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் விதத்தை எங்கள் இரண்டு பேருக்கும் திண்ணையில் இருந்து விளங்கப்படுத்துவாரே! குளோரின் காற்றைவிடப் பாரம், நிலத்தோடு படுத்து வரும், குனிந்து நிற்காதே என்பார். அசிட்டும் குளோரினும் சேர்ந்தால் அந்த வாயுதான். இரண்டையும் இப்போது வேறுவேறு இடத்தில் வைத்திருக்கிறேன்.

இங்கே சிலர் பழையபடி எல்லாம் இயற்கையாகச் செய்தால் போதும் என்கிறார்கள். எனக்கு அது முழுதாக ஏற்கவில்லை. அக்கராயனில் இடம்பெயர்ந்து இருந்த நேரம், பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்த்தோமே, நினைவிருக்கிறதா? களியில் உள்ள நுரைக்கும் சத்து அழுக்கை எடுத்தது உண்மைதான். உன் வெள்ளைச் சட்டை மஞ்சளேறிப்போக, கொடியில் போட்டதை மாடு வந்து சப்பியதும் உண்மைதான். அதே காலத்தில்தான் பேனுக்கு மண்ணெண்ணெய் வைத்து என் தலை கொப்பளித்தது. பயற்றம்மாவும் சீயாக்காயும் இன்றைக்கும் பாவிக்கிறேன், நல்லது என்பதால். பழையது என்பதால் எதையும் நம்பமாட்டேன்.

இனி உன் பெட்டி. கிருமி கொல்லும் சோப் வேண்டாம். 2016 இல் அமெரிக்க அரசு ட்ரைக்ளோசான் உட்பட 19 பொருட்களை அந்த மாதிரிச் சோப்புகளிலிருந்து விலக்கியது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட அவை திறம் என்பதற்கு அத்தாட்சி இல்லை என்பது ஒரு காரணம். சென்ற் போத்தலும் வேண்டாம். வாசனை என்ற ஒரு சொல்லைப் போட்டுவிட்டு அதற்குள் எத்தனை பொருள் என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

பிள்ளைக்குப் பவுடரும் வேண்டாம். கொட்டும்போது எழும்பும் தூள் அந்தச் சின்ன நெஞ்சுக்குள் போகும். 2016 இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது, நீ கேள்விப்பட்டிருப்பாய். நுளம்பு போகவில்லை, டெங்கு இருக்கிறது. ஒரு திரி எரிந்து முடியும்போது வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். பிள்ளை படுக்கிற அறையில் திரி கொளுத்த விடமாட்டேன். நல்ல நெருக்கமான வலை ஒன்று கொண்டுவா, டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், பகல் தூக்கத்துக்கும் வேணும். கூடவே ஒரு பூதக்கண்ணாடி. மட்டைகளில் அந்தப் பொடி எழுத்து எனக்கு இப்போது தெரிவதில்லை.

அப்புறம் ஒன்று. உன் அம்மாவின் நீலச் சேலை என் றங்குப்பெட்டியில் இத்தனை வருசமும் பத்திரமாக இருக்கிறது. பேத்திக்கு அதில் ஏணை கட்டுவோம் என்று எடுத்தேன், நப்தலீன் உருண்டை மணம் மூக்கில் அடித்தது. ஜி6பிடி என்றொரு நொதிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அந்த மணத்தில் ஊறிய துணியே இரத்த அணுக்களை உடைத்துவிடும். மலேரியா ஆண்ட நிலங்களில்தான் அந்தக் குறைபாடு கூட. எங்கள் பிள்ளைக்கு இருக்கா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்க ஏலாது. உருண்டைகளை எடுத்து எறிந்துவிட்டு, சேலையை இரண்டு தரம் தோய்த்து, நாலு நாளாக வெயிலில் போடுகிறேன். மணம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வைகாசிக்குள் போகாவிட்டால் என்னுடைய பழைய நூல்சேலை ஒன்றில் கட்டுவோம்.

அன்புடன்,
மலர்