குனோங் தாஹானுக்கு மூன்று நாள் போதாது

சிங்கப்பூர்த் தமிழ் மலையேற்றக் குழு ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். நீண்ட வாரயிறுதி நெருங்கினாலே வாட்ஸ்அப்பில் ஒரு திட்டம் சுற்றத் தொடங்குகிறது: வெள்ளி இரவு உட்லண்ட்ஸ் சாவடி, மலேசியாவின் மெராப்போ வழியாகக் குனோங் தாஹான் சிகரம், திரும்பும்போது அரை மணி நேரம் 'பழங்குடிக் கிராமம்', திங்கள் இரவு வீடு. தயவுசெய்து இதைக் கைவிடுங்கள்.

தீபகற்ப மலேசியாவின் ஆக உயரமான சிகரம் அது, 2,187 மீட்டர். நாம் பயிற்சி எடுக்கும் புக்கிட் தீமா 163 மீட்டர்தான். குவாலா தாஹான் பாதையைவிட மெராப்போ பாதை குறுகியது என்றாலும், நிதானமாகப் போய்வர நான்கு பகல், மூன்று இரவு வேண்டும். சுங்கை ரெலாவிலிருந்து குவாலா ஜூராம் வரை சுமார் 13 கிலோமீட்டர் ஜீப்பில் போகலாம். பிறகு ஆற்றைக் கடக்க வேண்டும். மேலே மழை பெய்தால் தண்ணீர் ஏறிவிடும், வடியும்வரை கரையிலேயே காத்திருப்பதுதான் வழி. மூன்று நாள் திட்டத்தில் அந்த அவகாசம் கிடையாது. அவசரத்தில் ஆற்றில் இறங்குகிறார்கள், இல்லாவிட்டால் இருட்டில் மலையிறங்கி முட்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மலைமேல் உள்ள போன்சாய், போத்தாக் முகாம்களில் மரங்கள் குட்டை, காற்று நேராக அடிக்கும். ஈரச்சட்டையோடு உட்கார்ந்தால் நடுக்கம் பிடிக்கும். பேச்சு குழறினால் ஆபத்து. தூங்குவதற்கென்றே ஓர் உலர்ந்த செட் உடையைத் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டிவையுங்கள். காலையில் மீண்டும் அந்த ஈரச்சட்டைதான். அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் உலர்ந்ததைப் போட்டு நடக்காதீர்கள். ஆற்று நீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள், எலிக்காய்ச்சல் பயம் உண்டு.

இனி அந்த அரை மணி நேரக் கிராம வருகை. இந்த மலை இருக்கும் தமான் நெகாரா 1930களின் இறுதியில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது பாத்தேக் என்னும் பழங்குடி மக்களின் காடு. 2019இல் கிளந்தான் மாநிலத்தின் 'குவாலா கோ' என்ற கிராமத்தில் தட்டம்மை பரவி அவர்களில் பலர் இறந்தார்கள். ஆகவே இருமலோ காய்ச்சலோ உள்ளவர் குடியிருப்புப் பக்கமே போகக்கூடாது. வழிகாட்டி மூலம் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள், அவர்கள் தயங்கினால் வண்டியை நிறுத்தாதீர்கள். ஊதுகுழல் அம்பு எய்து காட்டினால் பணத்தை அவர்கள் கையிலேயே கொடுங்கள். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம், பிள்ளைகளுக்கு மிட்டாயும் வேண்டாம். இன்னொன்று: இரத்தம் உறிஞ்சும் அட்டையைப் பார்த்துக் கேலி பேசிச் சிரிப்பது நமக்கு வழக்கம். விலங்குகளை, அட்டையைக்கூட, எள்ளினால் இடியும் புயலும் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்கள் உடன் வரும்போது வாயைக் கட்டுங்கள்.

கூடுதல் விடுப்பு கிடைக்காதவர்களை ஜொகூரின் குனோங் லேடாங்கிற்கு அழைத்துப் போங்கள். 1,276 மீட்டர், விடியலில் தொடங்கினால் ஒரே பகலில் ஏறி இறங்கிவிடலாம்.

இப்படிக்கு,
சக மலையேறிகள் சிலர், சிங்கப்பூர்