தாயும் குட்டியும் தென்பட்டது உங்களால்தான்

மே மாதத் தொடக்கத்தில் அப்பாவை அழைத்துக்கொண்டு, சாம்பல் திமிங்கலங்களைப் பார்க்கக் கலிஃபோர்னியாக் கரைக்குப் போயிருந்தேன். அந்த இரண்டு நாளில் உதவிய ஒருவரிடமும் பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதனால் பொதுவில் சொல்கிறேன், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் படகு ஓட்டியவருக்கு. துறைமுகத்தைத் தாண்டியதும் அலை பெரிதாக எழவே, பதினைந்தே நிமிடத்தில் படகைத் திருப்பிவிட்டீர்கள். சிலர் முணுமுணுத்தார்கள், எனக்கும் வருத்தம்தான். ஆனால் கம்பியைப் பிடித்திருந்த அப்பாவின் கை நடுங்கியதை நீங்கள் கவனித்திருந்தீர்கள். நான் கவனிக்கவில்லை. "இந்தச் சமயத்தில் தாய்கள் குட்டிகளோடு கரையை ஒட்டித்தான் போகும். நாளைக் காலையில் கடலுக்குள் நீளும் நிலமுனையில் போய் நில்லுங்கள்" என்று வழி சொன்னதும் நீங்கள்தான்.

முனையில் காற்று ஆளைத் தள்ளியது. கேட்காமலே மடக்கு நாற்காலியை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்த தம்பதிக்கும் நன்றி.

அப்புறம், திமிங்கல எண்ணிக்கைக் குறிப்பேடும் கையுமாக நின்றிருந்த தன்னார்வலர் அம்மாவுக்கு. ஒரு மணி நேரம் கடலைத் துழாவி ஒன்றும் தென்படாமல் நான் சோர்ந்தபோது பக்கத்தில் வந்தீர்கள். "பைனாகுலர் இப்போது வேண்டாம். வெறும் கண்ணால் பாருங்கள். மூச்சு புகை மாதிரி எழும். மூன்று, நான்கு தடவை மூச்சு விட்டுவிட்டு மூழ்கும். சில நிமிடம் பொறுத்து, கொஞ்சம் வடக்கே தள்ளிப் பாருங்கள்" என்றீர்கள். அப்படியே பார்த்தேன். பெரிதாக ஒரு மூச்சு. அதை ஒட்டினாற்போல், அதில் பாதிகூட இல்லாத இன்னொன்று! தாயின் கரிய முதுகில் கொட்டலசுகள் (ஒட்டிக்கொண்டு வாழும் ஓட்டுயிரிகள்) வெள்ளைத் திட்டாகப் படர்ந்திருந்தன. அது மூழ்கிய இடத்தில் தண்ணீர், எண்ணெய் ஊற்றினாற்போல் வட்டமாக, வழவழவென்று நின்றது.

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாக் காயல்களில் குளிர்காலத்தில் பிறந்த குட்டி, பிறக்கும்போதே நாலரை மீட்டர் நீளம் இருக்கும் என்றீர்கள். வேட்டையாடும் ஓர்க்காக்களின் (கொலைத் திமிங்கலங்களின்) கண்ணில் படாமலிருக்கத்தான் தாய் அதைக் கரையோரமாகவே கூட்டிப் போகிறதாம். அலாஸ்காவுக்கும் அப்பால் ஆர்க்டிக் கடல்வரை போய்த் திரும்ப 16,000 கிலோமீட்டருக்கு மேல். வழியில் தாய் இரை எடுப்பதே அபூர்வம், பால் மட்டும் கொடுத்துக்கொண்டே போகும் என்று நீங்கள் சொன்னதைத் தமிழில் அப்பாவுக்குச் சொன்னேன். "சாப்பிடாமலா இவ்வளவு தூரம்?" என்று இரண்டு தடவை கேட்டார். அதற்கப்புறம் கடலிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

கிளம்பும்போது நீங்கள் பென்சிலை அப்பாவிடம் நீட்டினீர்கள். அன்றைய தேதிக்கு நேராக இரண்டு கோடுகள், ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக. உங்கள் குறிப்பேட்டில் கொஞ்சம் கோணலாக இருக்கும் அந்த இரண்டும் அவர் போட்டவை, அம்மா.