"ஆழமா மூச்சு இழு"ன்னு சொன்னா மட்டும் போதாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டென்ஷன், கோவம், தூக்கமின்மைன்னு மனசு சம்பந்தமா பேப்பர்ல எது வந்தாலும் கடைசியில "ஆழமா மூச்சை இழுத்து விடுங்க, மனசு லேசாகும்"னு ஒரு வரி கண்டிப்பா வந்துடுது. அந்த வரியை முழுசா நம்புற ஆளுதான் நானும். ஆனா அந்த ஒரு வரியை மட்டும் வச்சுக்கிட்டு படிக்கிறவங்க என்ன பண்ணுவாங்க, எப்படி இழுக்கணும், எவ்வளவு நேரம் விடணும், யாருக்கு இது ஆகாது, இதெல்லாம் ஒருத்தரும் எழுதுறதில்ல. அதனாலதான் இந்த லெட்டர். நீளமா இருந்தா குறைச்சுக்கோங்க, மூச்சை வெளிய விடுறதைப் பத்தி வர்ற பகுதியை மட்டும் தயவுசெஞ்சு எடுத்துடாதீங்க.

யாரையாவது "நல்லா மூச்சு இழு"ன்னு சொல்லிப் பாருங்க. தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறும், நெஞ்சு விடைக்கும், வாயைத் திறந்து புஸ்ஸுன்னு காத்தை உறிஞ்சுவாங்க, வயிறு உள்ள போயிடும், விடுறப்போ பாதி காத்தைத்தான் விடுவாங்க, அதுக்குள்ள அடுத்ததை இழுக்க ஆரம்பிச்சிடுவாங்க. சும்மா இருக்கிறவங்களுக்கு இதனால பெருசா ஒண்ணும் ஆகாது. பதட்டத்துல இருக்கிறவங்க கதை வேற. அவங்க ஏற்கனவே தேவைக்கு மேல வேகமா மூச்சு விட்டுட்டு இருப்பாங்க. அப்போ உடம்புல கார்பன் டை ஆக்சைடு ரொம்ப குறைஞ்சு போகுது, அது குறைஞ்சா மூளைக்குப் போற ரத்தக் குழாய்கள் சுருங்குது, தலை சுத்துது, உதடும் விரல் நுனியும் மரத்துப் போற மாதிரி சுருக் சுருக்குனு இருக்குது, நெஞ்சை அடைக்குது. மூச்சே கிடைக்கலைன்னு தோணும், ஆனா நிஜத்துல ரத்தத்துல ஆக்சிஜன் நல்லாவே இருக்கும். எனக்கு கொஞ்ச காலம் பேனிக் அட்டாக் வந்துட்டு இருந்துச்சு, அப்போ சுத்தி நிக்கிறவங்க எல்லாம் பாசத்தோடதான் "இன்னும் இழு, இன்னும் நல்லா இழு"ன்னு சொல்லுவாங்க, இழுக்க இழுக்க இன்னும் மோசமாத்தான் ஆகும். இதயத்துல ஏதும் கோளாறு இல்லன்னு செக் பண்ணி முடிச்சப்புறம் ஒரு டாக்டர்தான் சொன்னாங்க, இழுக்கிறதை விடுங்க, வெளிய விடுறதை நீளமாக்குங்கன்னு. இதை எனக்கு அதுக்கு முன்னாடி யாருமே சொன்னதில்ல, அந்த ஆதங்கம் இன்னும் இருக்கு.

இதுக்கு உடம்புலயே காரணம் இருக்கு. மணிக்கட்டுல நாடியைத் தொட்டுக்கிட்டு மெதுவா மூச்சு விட்டுப் பாருங்க, நிறைய பேருக்கு இது தெரியும். இழுக்கிறப்போ துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடுறப்போ மெதுவாகும். மூளையில இருந்து இதயத்துக்கும் வயித்துக்கும் போற வேகஸ் நரம்புதான் இதயத்தை நிதானப்படுத்துறது, அதோட வேலை மூச்சு வெளிய போறப்போ கூடுது, உள்ள வர்றப்போ குறையுது. அதனால இழுக்கிறது சின்னதாவும் விடுறது நீளமாவும் இருந்தா உடம்பு அடங்குறதுக்கு அதிக நேரம் கிடைக்குது. இதயம் நம்ம சொல் பேச்சு கேக்காது, வேர்வையும் கேக்காது, ஜீரணமும் கேக்காது. ஆனா மூச்சு தானாவும் ஓடும், நாம சொன்னாலும் கேக்கும். மனசை "அமைதியா இரு"ன்னு எத்தனை தடவை அதட்டினாலும் அது அடங்குறதில்ல, மூச்சு வழியா போனா அடங்குது.

சாதாரணமா பெரியவங்க நிமிஷத்துக்கு 12ல இருந்து 20 தடவை மூச்சு விடுறாங்க. அதை 6 கிட்ட கொண்டு வந்தா மூச்சு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் மூணோட ஏத்த இறக்கமும் ஒரே தாளத்துக்கு வந்துடுது. 2001ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல லூசியானோ பெர்னார்டிங்கிற இத்தாலி டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. லத்தீன்ல ஜெபமாலை சொல்றப்பவும் சரி, யோக மந்திரம் சொல்றப்பவும் சரி, மூச்சு தானா நிமிஷத்துக்கு 6 கிட்ட வந்து நின்னுச்சாம். எந்த மதமா இருந்தாலும், மதமே வேண்டாம்னு சொல்றவங்களா இருந்தாலும், உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொல்லுதுங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

அப்புறம் பெருமூச்சு. அதை சோகத்தோட அடையாளமாத்தான் பாக்குறோம், ஆனா நாம கவனிக்காமலே உடம்பு சில நிமிஷத்துக்கு ஒரு தடவை பெருமூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கு, நுரையீரல்ல சுருங்கிப் போன குட்டிக் குட்டி காத்துப் பைகளை மறுபடி விரிக்கிறதுக்கு. இதையே வேணும்னு செய்யலாம். மூக்கு வழியா ஒரு மூச்சு இழுத்து, அது முடியிற இடத்துல இன்னொரு குட்டி மூச்சு சேத்து இழுத்து, வாய் வழியா மெதுவா, முழுசா, நீளமா விடணும். 2023ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல இதை பாக்ஸ் பிரீத்திங் (இழுக்கிறது, அடக்குறது, விடுறது, மறுபடி அடக்குறது எல்லாம் ஒரே அளவு நேரம்), வேகமா விடுற மூச்சு, தியானம் இந்த மூணோடயும் ஒப்பிட்டுப் பாத்தாங்க. தினமும் 5 நிமிஷம், ஒரு மாசம். நாலு குழுவுலயுமே பதட்டம் குறைஞ்சிருக்கு, ஆனா மனசுல உற்சாகம் அதிகமா கூடினது இந்தப் பெருமூச்சு குழுவுலதான். வெறும் 5 நிமிஷம்தாங்க.

அதே 2023ல 12 ஆய்வுகளை ஒண்ணா சேத்து அலசின இன்னொரு கட்டுரையும் வந்துச்சு. மூச்சுப் பயிற்சி மன அழுத்தத்தைக் குறைக்குது, ஆனா அந்தப் பலன் சின்னதுல இருந்து நடுத்தரம் வரைக்கும்தான்னும், ஆதாரத்தை மீறி விளம்பரம் பண்ண வேண்டாம்னும் அவங்களே எழுதியிருக்காங்க. நான் நம்புறதும் அவ்வளவுதான். டிப்ரஷன் குணமாகும், மாத்திரையை நிறுத்திடலாம்னெல்லாம் யாராவது சொன்னா தயவுசெஞ்சு அதை அச்சுல போடாதீங்க, அந்த ஒரு வரியைப் படிச்சுட்டு மாத்திரையை நிறுத்தினவங்க நிலைமை என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க.

சின்ன பலன்னு அலட்சியமாவும் விட முடியாது. கோவத்துல ஒருத்தருக்கு மெசேஜ் டைப் பண்ணி அனுப்பப் போறோம், அப்போ ரெண்டு நீள மூச்சு விட்டா அனுப்பாம இருக்க ஒரு இடைவெளி கிடைக்குது. பிரச்சினை அப்படியேதான் இருக்கும், கோவத்துல நியாயம் இருந்தா அந்த நியாயமும் அப்படியேதான் இருக்கும், அதை எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கிற நிதானம் மட்டும் கூடுது. துக்கத்துலயும் அப்படித்தான், அழுகையை அடக்கறதுக்காக இதைச் செய்யக் கூடாது, அழுது முடிச்சு மூச்சு விட்டு விட்டு தேம்புறப்போ செஞ்சா உடம்புக்கு ஆறுதலா இருக்கும். ஒண்ணு மட்டும் முக்கியம், பதட்டம் வர்ற அன்னிக்குப் போய் புதுசா ஆரம்பிச்சா வேலைக்கு ஆகாது. நல்லா இருக்கிற நாள்ல, படுக்கிறதுக்கு முன்னாடியோ காலையிலயோ பழகி வச்சிருந்தாத்தான் கஷ்ட நேரத்துல உடம்புக்கு அது ஞாபகம் வரும்.

எல்லாருக்கும் ஒத்துக்காதுங்கிறதையும் சொல்லியே ஆகணும். பெரிய அதிர்ச்சியை அனுபவிச்ச சிலருக்கு கண்ணை மூடி மூச்சைக் கவனின்னா பயம் கூடத்தான் செய்யும், அவங்க கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு, கால் தரையில பதிஞ்சிருக்கிறதையோ வெளிய கேக்குற சத்தத்தையோ கவனிச்சா போதும், முடியலைன்னா நிறுத்திடலாம், அதுல ஒரு தப்பும் இல்ல. வேகமா விடுற மூச்சும் ரொம்ப நேரம் அடக்கி வைக்கிற மூச்சும் கர்ப்பமா இருக்கிறவங்க, வலிப்பு, இதய நோய், ஹை பிபி இருக்கிறவங்க தானா செஞ்சு பாக்கக் கூடாது, டாக்டரைக் கேட்டுட்டுத்தான். தண்ணிக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி வேக மூச்சு விடவே கூடாது, உள்ளயே மயங்கி உயிர் போயிருக்கு. பேப்பர் பைக்குள்ள மூச்சு விடுற பழைய வைத்தியமும் வேண்டாம், வந்திருக்கிறது ஆஸ்துமாவாவோ ஹார்ட் அட்டாக்காவோ இருந்தா அது ஆபத்து.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த தடவை இப்படி ஒரு கட்டுரை போடுறப்போ பக்கத்துலயே ஒரு சின்ன பெட்டிச் செய்தி போடுங்க. மூக்கு வழியா 4 எண்ணுற வரைக்கும் மெதுவா இழுங்க, 6 எண்ணுற வரைக்கும் விடுங்க, தோள் ஏறக் கூடாது, வயிறு அசையணும், தலை சுத்தினா நிறுத்திட்டு சாதாரணமா மூச்சு விடுங்க. இவ்வளவு இருந்தா போதும். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மனநல டாக்டர்கிட்ட காட்டி வாங்கிடுங்க. யார் யார் செய்யக் கூடாதுங்கிறதை பெட்டியோட முதல் வரியிலயே போட்டுடுங்க, கடைசியில போட்டா முக்கால்வாசி பேர் அதுவரைக்கும் படிக்க மாட்டாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்