"அங்கே காக்கா இருக்கா?"

மேனர் பார்க், கிழக்கு லண்டன்
ஜனவரி கடைசி ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் ஃபோனில், "அங்கே காக்கா எல்லாம் இருக்கா பாப்பா?" என்று கேட்டீர்கள். டியூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் "இருக்குப்பா" என்று வைத்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. 31 வருஷம் சைக்கிளில் ஊர் ஊராகத் தபால் கொண்டுபோன மனுஷருக்கு ஒரு வார்த்தையிலா பதில் சொல்வது? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீங்கள் பார்க்கப்போவதில்லை. அதனால் எட்டுப் படங்களைப் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கம் எண் போட்டிருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் பாருங்கள்.

முதல் படம் காக்காதான். கழுத்தில் சாம்பல் நிறம் இல்லை, பாருங்கள். அலகிலிருந்து வால்வரை ஒரே கறுப்பு, நம் ஊர் அண்டங்காக்காவின் சாயல். ஒரு சனிக்கிழமை உப்புப் போடாத சோற்றைப் பின்வாசல் சுவரில் வைத்துப் பார்த்தேன். மூன்று நாள் எட்டிப்பார்க்கவில்லை. நான்காம் நாள் வந்தது. இப்போது சமையலறை விளக்கு எரிந்தால் போதும், சுவரில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

கேமரா கதையைச் சொல்லவில்லையே. முதல் குளிர்காலம் எனக்கு ரொம்ப மோசம். டிசம்பர் கடைசியில் இங்கே பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. இருட்டில் ஆஸ்பத்திரிக்குப் போய் இருட்டில் திரும்புவேன். லீவு நாளில் போர்வைக்குள்ளேயே கிடப்பேன். வார்டில் ஒரு வயதான நோயாளி, "வெளிச்சம் உன்னைத் தேடி வராது, நீதான் அதைத் தேடிப் போகணும்" என்று திட்டினார். சரி என்று ஒரு பழைய கேமராவும் 300 எம்எம் லென்ஸும் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். விலையை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

வீட்டிலிருந்து இருபது நிமிஷம் நடந்தால் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் என்ற பெரிய புல்வெளி. அதைத் தாண்டினால் வான்ஸ்டெட் பார்க். குளமும் காடும் கலந்த இடம், நம் கண்மாய்க்கரையும் கருவேலங்காடும் மாதிரி. ஆனால் இப்போது மரத்தில் ஒரு இலை இல்லை. முதலில் அது எனக்குச் செத்த ஊர் மாதிரி இருந்தது. படம் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் அதுவே வசதி என்று தெரிந்தது. இலை மறைக்காததால் குருவி எந்தக் கிளையில் இருந்தாலும் கண்ணில் படுகிறது. இன்னொன்று, இங்கே இந்த மாதங்களில் உச்சி வெயில் என்பதே கிடையாது. நடுப்பகலிலும் சூரியன் மரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கிறது. மேகம் மட்டும் விலகினால் நாள் முழுக்க நம் ஊர் சாயங்கால வெயில் கிடைக்கும். மேகம் விலகினால்!

இரண்டாவது படம் ராபின். நெஞ்சு மட்டும் செங்கல் நிறம், உள்ளங்கையில் அடங்குகிற அளவு. மற்ற பறவைகள் வாயைத் திறக்காத பனியிலும் இது பாடும். குளிர்காலத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனியாக எல்லை வகுத்துக்கொண்டு இரண்டுமே பாடுகின்றன, அதாவது பாட்டாகவே எல்லைத் தகராறு. பக்கத்து வீட்டுக்காரர் மண்ணைக் கொத்தினால் மண்வெட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்று புழு பொறுக்கும். ஏர் ஓட்டும்போது பின்னாலேயே கொக்கு வருமே, அதே கணக்கு. உங்களுக்காக இன்னொரு சேதியும் உண்டு. 19-ம் நூற்றாண்டில் இங்கே தபால்காரர்கள் சிவப்புக் கோட்டுப் போட்டிருந்தார்கள், அவர்களுக்கு 'ராபின்' என்றே பட்டப்பெயர். அதனால்தான் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் இந்தக் குருவி கடிதத்தைக் கவ்விக்கொண்டு நிற்கிறதாம். ஆகவே இரண்டாவது படம் உங்கள் இலாகா.

மூன்றாவதைப் பார்த்ததும் "இது நம்ம பச்சைக்கிளி இல்ல?" என்பீர்கள். அதேதான்! கழுத்தில் சிவப்பு வளையம் உள்ள அதே இனம். கூண்டிலிருந்து தப்பியவையும் திறந்துவிட்டவையும் 1960களின் கடைசியிலிருந்து இங்கே கூடு கட்டிப் பெருகிவிட்டன. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற கிதார்க் கலைஞர் ஒரு ஜோடியைத் திறந்துவிட்டதில்தான் எல்லாம் தொடங்கியது என்று ஒரு கதை உண்டு. ஆராய்ச்சிக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் கதை நிற்கவில்லை. பனி படிந்த மொட்டைக் கிளையில் ஆறு கிளி உட்கார்ந்து கத்துவதை முதன்முதலில் பார்த்தபோது கேமராவை எடுக்கவே மறந்துபோனேன். படத்தில் இருப்பது வேறொரு நாள் வந்த இரண்டு.

நான்காவது அணில். முதுகில் மூன்று கோடு இல்லை, ராமர் கை படாத அணில். உருவத்தில் நம் அணிலைப்போல இரண்டு மடங்குக்கு மேல். இதுவும் வந்தேறிதான், அமெரிக்காவிலிருந்து 1876-ல் கொண்டுவந்து விட்டார்கள். ஊர்க்காரரான சிவப்பு அணிலை இது ஏறக்குறைய விரட்டியே விட்டது. படம் சுமார்தான்.

இப்போது குளத்துக்கு வருகிறேன். இந்த மாதம் ஐந்து நாள் குளம் உறைந்து கிடந்தது. கடற்காகங்கள் வழக்கம்போல ஒயிலாக இறங்கி, பனிக்கட்டியில் கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் போய் நிற்கும். சிரித்ததில் எனக்குக் கை ஆடி ஒரு படமும் தேறவில்லை. ஐந்தாவது படத்தில் இருப்பது நாமக்கோழி. நம் கண்மாயில் இருப்பதேதான், கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம். நமக்கு நாமமாகத் தெரிந்தது இவர்களுக்கு வழுக்கையாகத் தெரிந்திருக்கிறது. வழுக்கைத் தலைக்கு இங்கிலீஷில் இந்தப் பறவையைத்தான் உவமை சொல்கிறார்கள். இதன் கால்விரலைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? விரலுக்கு இரண்டு பக்கமும் இலை மாதிரி மடல் இருக்கிறது. தண்ணீரில் மட்டும் இருக்கும்வரை தெரியவில்லை, பனிக்கட்டிமேல் நடந்தபோதுதான் பார்த்தேன். பறவையின் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்கினால்தான் படம் உயிரோடு இருக்கும் என்று, பொன்னி அரிசிப் பையைக் கரையில் விரித்துக் குப்புறப் படுத்து எடுத்தது. நாய் கூட்டிவந்த ஒரு அம்மா, நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று ஓடிவந்துவிட்டார்கள்.

அன்றைக்கு இன்னும் இரண்டு கூத்து. குளிரில் பேட்டரி அரை மணியில் செத்துப்போனது. இப்போது ஒன்றை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்கிறேன். அப்புறம் கேமராவோடு நேரே சமையலறைக்குள் போனேன். கூட இருக்கிற மலையாளப் பெண் சாம்பார் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். லென்ஸெல்லாம் வியர்த்துவிட்டது. போச்சு என்று அழாத குறை. வெளியிலேயே கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, வீட்டுச் சூட்டுக்குப் பழகியபின் திறக்க வேண்டுமாம். குளக்கரையில் பழக்கமான ஒரு பெரியவர் சொன்னார்.

ஆறாவது, சாம்பல் நாரை. அது பனிக்கட்டி விளிம்பில் ஒற்றைக்காலில் நின்றது, நான் ஒன்றே கால் மணி நேரம் நின்றேன். எனக்குக் கால் மரத்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஏழாவதில் நீலமாக ஒரு தீற்றல் தெரியும். அச்சுப் பிழை இல்லை அப்பா, மீன்கொத்தி. இதுவரை நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம்.

எட்டாவது இரவில் எடுத்தது, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நரி. ஜனவரி இவற்றுக்கு இணைசேரும் காலம். பெண்நரி கத்தினால் யாரையோ கழுத்தை நெரிப்பது போலிருக்கும். முதல் வருஷம் அந்தச் சத்தத்துக்குப் பயந்து போலீஸைக் கூப்பிடப் போனேன்.

இன்று காலை ஒரு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்கெடுத்தேன். பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1979 முதல் ஒவ்வொரு ஜனவரிக் கடைசியிலும் ஜனங்களை இப்படி எண்ணச் சொல்கிறது. ஒரே நேரத்தில் எத்தனை கண்ணில் பட்டதோ அதுதான் கணக்கு, போய்விட்டு வந்ததையே திரும்ப எண்ணக் கூடாது. ராபின் ஒன்று, காட்டுப்புறா மூன்று, கிளி நான்கு, நம் காக்கா ஒன்று. சிட்டுக்குருவி ஒன்றுகூட இல்லை. லண்டனில் அது ரொம்பக் குறைந்துவிட்டது.

புதுவருஷ ராத்திரி தெருவெல்லாம் வெடி. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடிப்பதில்லை என்று மலையாளப் பெண்ணிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. நத்தைகுத்தி நாரை இந்த வருஷம் எத்தனை கூடு வைத்திருக்கிறது? கண்மாயில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது? ஃபோனில் சொல்லாதீர்கள், எழுதுங்கள், அவளிடம் காட்ட வேண்டும்.

உங்கள் அன்பு மகள்,
பாப்பா

பி.கு.: ஐந்தாவது படத்தை அம்மா பூஜை அறையில் மாட்டிவிடப் போகிறாள். நாமம் போட்டிருந்தாலும் அது கோழிதான் என்று சொல்லிவையுங்கள்.